புனித பொலிகார்ப்: மறைச்சாட்சிகளைப் போற்றும் வழக்கத்தின் முதல் எழுத்துச் சான்று

கிறிஸ்தவ ஆலயங்களின் நாள்காட்டியை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கும். பெரும்பாலான புனிதர்களுக்கு விழா எடுப்பது அவர்கள் இறந்த நாளில்தான். பழைய கத்தோலிக்க ஆலயங்களில் பலிபீடத்தின் அடியிலோ உள்ளேயோ ஒரு புனிதரின் எலும்புத் துணுக்கு இருக்கும் என்பதைக் கேட்டால் அந்த வியப்பு இன்னும் கூடும். சாவையும் எலும்பையும் இப்படிக் கொண்டாட்டத்தோடு இணைக்கும் வழக்கம் எப்போது, எதற்காக வந்தது?

இதற்கு விடை தேடுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது ஒரு கடிதம். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிமிர்னா நகரத்துக் கிறிஸ்தவர்கள், பிலொமேலியம் என்ற ஊரிலிருந்த சக கிறிஸ்தவர்களுக்கு எழுதியது. தங்கள் ஆயர் பொலிகார்ப் எப்படிக் கைது செய்யப்பட்டார், எப்படி இறந்தார், அதன் பின் தாங்கள் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் அதில் விவரித்திருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டுக்கு வெளியே, ஒரு கிறிஸ்தவ மறைச்சாட்சியின் இறப்பை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய ஆவணங்களுள் இது முதன்மையானது. கத்தோலிக்கர் மறைச்சாட்சி என்றும் சீர்திருத்த சபையினர் இரத்தசாட்சி என்றும் சொல்வது ஒருவரைத்தான்: நம்பிக்கையைக் கைவிட மறுத்ததற்காக உயிரை இழந்தவர்.

சிமிர்னா இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் உள்ள இஸ்மீர் நகரம். விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஏழு சபைகளில் சிமிர்னாவும் ஒன்று. "மரணபரியந்தம் உண்மையாயிரு" என்ற புகழ்பெற்ற வசனம் அந்தச் சபைக்குத்தான் சொல்லப்பட்டது. அது எழுதப்பட்டு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் அதே ஊர் ஆயர் அதே சோதனையைச் சந்தித்தார்.

பொலிகார்ப்பின் இளமையைப் பற்றி உறுதியான செய்திகள் குறைவு. ஆனால் முதியவரான பொலிகார்ப்பை நேரில் பார்த்த ஒருவரின் நினைவு நமக்குக் கிடைத்திருக்கிறது. பிற்காலத்தில் பிரான்ஸின் லியோன் நகரில் ஆயராக இருந்த இரனேயு, சிறுவயதில் சிமிர்னாவில் அவருடைய பேச்சைக் கேட்டவர். பொலிகார்ப் எந்த இடத்தில் அமர்ந்து பேசுவார், எப்படி உள்ளே வருவார், எப்படி வெளியே போவார், யோவானோடும் ஆண்டவரைக் கண்ட மற்றவர்களோடும் தாம் பழகியதை எப்படி நினைவுகூர்வார் என்பதெல்லாம் அண்மையில் நடந்தவற்றைவிடத் தமக்குத் தெளிவாக நினைவிருப்பதாக இரனேயு எழுதுகிறார். இயேசுவை அறிந்த தலைமுறைக்கும் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் நடுவே உயிருள்ள பாலமாக இருந்தவர் என்பதால்தான் அவருக்கு அவ்வளவு மதிப்பு.

அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியார், விலங்கிடப்பட்டு ரோமுக்குக் கொண்டு செல்லப்பட்ட வழியில் சிமிர்னாவில் தங்கினார். பின்னர் பொலிகார்ப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். அடி வாங்கும் பட்டடைக்கல்லைப்போல உறுதியாக நில்லுங்கள் என்பது அதிலுள்ள அறிவுரை. பொலிகார்ப் எழுதியவற்றில் இன்று எஞ்சியிருப்பது பிலிப்பியருக்கு அனுப்பிய கடிதம் மட்டுமே. பண ஆசையில் தவறிவிட்ட வாலென்ஸ் என்ற மூப்பரைப் பற்றி அதில் பேசுகிறார். அவரையும் அவர் மனைவியையும் பகைவராக எண்ணாமல், வழிதவறிய உறுப்புகளாகக் கருதித் திரும்ப அழைக்கச் சொல்கிறார். தம் வாழ்வின் கடைசிக் காலத்தில் ரோமுக்குப் போய், இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா விழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்று அங்கிருந்த ஆயர் அனிசேத்துஸோடு பேசினார். இருவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆனாலும் அனிசேத்துஸ் தம் ஆலயத்தில் நற்கருணை வழிபாட்டை நடத்தும் மரியாதையைப் பொலிகார்ப்புக்குத் தந்தார். இருவரும் சமாதானமாகப் பிரிந்தார்கள். பொலிகார்ப் வெறும் பிடிவாதக்காரர் அல்ல என்பதற்கு இந்தச் சம்பவம் நல்ல சான்று. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று பிரித்தறியத் தெரிந்தவர் அவர்.

இனி அவர் ஏன் கைது செய்யப்பட்டார் என்பதைப் பார்க்க வேண்டும். ரோமப் பேரரசு முழுவதும் கிறிஸ்தவர்களை நாள்தோறும் வேட்டையாடியது என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் நிலைமை அப்படி இல்லை. சுமார் 112இல் பிளினி என்ற ஆளுநர், கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனிடம் கேட்டார். அவர்களைத் தேடிப் போக வேண்டாம். யாராவது குற்றம் சாட்டி அது உறுதியானால் தண்டியுங்கள். ஆனால் மறுதலித்துத் தெய்வங்களுக்கு வழிபாடு செய்தால் மன்னித்துவிடுங்கள் என்று பதில் வந்தது. ஆகவே கிறிஸ்தவர்களின் பாதுகாப்பு உள்ளூர் மக்களின் மனநிலையையே சார்ந்திருந்தது. நிலநடுக்கமோ பஞ்சமோ வந்தால் கூட்டத்தின் கோபம் அவர்கள் பக்கம் திரும்பும். கிறிஸ்தவர்களிடம் சிலை இல்லை, பலி இல்லை. நகரத்தின் தெய்வங்களுக்குரிய மரியாதையை அவர்கள் செலுத்துவதும் இல்லை. எனவே அவர்களுக்கு 'நாத்திகர்' என்றே பெயர். ஒரே ஒரு சொல்லில் தப்பிக்க வழி இருந்தது என்பதை மறந்துவிட்டால் மறைச்சாட்சியம் என்பதன் பொருளே புரியாது. அந்தச் சொல்லைச் சொல்லாததுதான் இங்கே நிகழ்ச்சி.

சிமிர்னாவில் முதலில் வேறு சிலர் விலங்குகளுக்கு முன் நிறுத்தப்பட்டார்கள். ஜெர்மானிக்குஸ் என்ற இளைஞர் காட்டிய துணிச்சல் கூட்டத்தை இன்னும் வெறிகொள்ளச் செய்தது. "நாத்திகர் ஒழிக! பொலிகார்ப்பைத் தேடுங்கள்!" என்ற கூச்சல் எழுந்தது. இந்த இடத்தில் கடிதம் குயிந்துஸ் என்ற ஒருவரின் கதையையும் மறைக்காமல் சொல்கிறது. பிரிகியாவிலிருந்து வந்த அவர் தாமாகவே முன்வந்து சரணடைந்தார். மற்றவர்களையும் அப்படிச் செய்யத் தூண்டினார். விலங்குகளைக் கண்டதும் அஞ்சி, ஆளுநர் கேட்டபடி பலி செலுத்திவிட்டார். தாமாகப் போய்த் தங்களை ஒப்படைப்பவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை, நற்செய்தி அப்படிக் கற்பிக்கவில்லை என்று சிமிர்னா சபை தெளிவாக எழுதியிருக்கிறது. மறைச்சாட்சியைச் சாவை விரும்பித் தேடுபவராக எண்ணும் தவறான கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது.

பொலிகார்ப்பும் நகரத்தில் இருக்கவே எண்ணினார். நண்பர்கள் வற்புறுத்தியதால் ஒரு பண்ணை வீட்டுக்குப் போனார். தேடுபவர்கள் நெருங்கியதும் இன்னொரு வீட்டுக்கு மாறினார். பிடிபட்ட வேலைக்காரச் சிறுவன் ஒருவன் சித்திரவதை தாங்காமல் இடத்தைக் காட்டிக்கொடுத்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஏதோ ஆயுதம் தாங்கிய கொள்ளைக்காரனைப் பிடிக்கப் போவதுபோலக் குதிரை வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர் மாடி அறையில் இருந்தார். அங்கிருந்தும் தப்பித்திருக்கலாம், இனி வேண்டாம் என்று முடிவு செய்தார். கீழே இறங்கி வந்து அவர்களோடு பேசினார். அவர்களுக்கு வேண்டிய அளவு உணவும் பானமும் பரிமாறச் சொன்னார். தாம் செபிக்க ஒரு மணி நேரம் மட்டும் கேட்டார். எழுந்து நின்று, தாம் வாழ்நாளில் சந்தித்த சிறியோர், பெரியோர் எல்லாரையும் நினைத்து இரண்டு மணி நேரம் வேண்டினார். இப்படிப்பட்ட முதியவரைப் பிடிக்கவா வந்தோம் என்று வந்தவர்களில் பலர் வருந்தினார்கள் என்கிறது கடிதம். இந்தப் பகுதிக்கு இணையான ஒன்றை மறைச்சாட்சி வரலாறுகளில் காண்பது அரிது. பிற்காலத்து வரலாறுகளில் வீர வசனங்கள் நிறைய உண்டு. தன்னைப் பிடிக்க வந்தவனுக்குச் சாப்பாடு போடும் காட்சி வெகு குறைவு.

அவரைக் கழுதைமேல் ஏற்றி நகரத்துக்குக் கொண்டு போனார்கள். வழியில் காவல் அதிகாரி ஏரோதும் அவர் தந்தை நிக்கேத்தாஸும் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு, "சீசரே ஆண்டவர் என்று சொல்வதில் என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று சமாதானம் பேசிப் பார்த்தார்கள். மறுத்ததும் கீழே தள்ளினார்கள். முழங்காலுக்குக் கீழே சிராய்ப்பு ஏற்பட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் நடந்தார்.

விளையாட்டரங்கத்தில் ஆளுநர் ஸ்தாசியுஸ் குவாத்ராத்துஸ் விசாரித்தார். வயதை எண்ணிப் பாருங்கள், சீசரின்மேல் ஆணையிடுங்கள், "நாத்திகர் ஒழிக" என்று சொல்லுங்கள் என்றார். பொலிகார்ப் அரங்கத்தில் குழுமியிருந்த கூட்டத்தை நோக்கிக் கையை நீட்டி, வானத்தைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு, "நாத்திகர் ஒழிக" என்றார். யாரைச் சொன்னார் என்பது எல்லாருக்கும் புரிந்தது. கிறிஸ்துவைப் பழித்துப் பேசினால் விட்டுவிடுகிறேன் என்று ஆளுநர் மறுபடியும் வற்புறுத்தியபோது வந்த பதில்தான் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது: "எண்பத்தாறு ஆண்டுகளாக அவருக்கு ஊழியம் செய்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. என்னை மீட்ட என் அரசரை நான் எப்படிப் பழிப்பேன்?"

இதில் வாதம் இல்லை, தத்துவம் இல்லை. நீண்ட உறவுக்கு நேர்மையாக இருப்பது மட்டுமே இருக்கிறது. கிழவர் ஒருவர் இப்படித்தான் பேசுவார் என்பதாலேயே அந்த வார்த்தைகளை நான் நம்புகிறேன். எண்பத்தாறு என்பது பிறந்ததிலிருந்தா, திருமுழுக்குப் பெற்றதிலிருந்தா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்றிருந்தால் அவர் பிறப்பு சுமார் 70இல் இருக்கும்.

விலங்குக் காட்சிகள் அன்றைக்கு முடிந்துவிட்டதால் உயிரோடு எரிக்க முடிவாயிற்று. கூட்டமே கடைகளிலிருந்தும் குளியல் கூடங்களிலிருந்தும் விறகைச் சேர்த்துக் கொண்டுவந்தது. ஆணியடித்துப் பொருத்த வந்தவர்களிடம், தாங்கும் வலிமையைத் தருபவர் ஆணி இல்லாமலே நிற்கவும் வைப்பார் என்றார் பொலிகார்ப். கட்ட மட்டும் செய்தார்கள். தீ மூட்டியதும் நடந்ததைக் கடிதம் அதிசயமாக விவரிக்கிறது. காற்று நிறைந்த கப்பல் பாய்போலச் சுடர்கள் அவரைச் சுற்றி வளைந்து நின்றனவாம். நடுவில் அவர் எரியும் தசையாக இல்லாமல், வேகும் அப்பம்போலவும் உலையில் புடமிடப்படும் பொன்போலவும் தோன்றினாராம். சாம்பிராணியைப்போல நறுமணம் வீசியதாம். கடைசியில் கொலைஞன் ஒருவன் குத்துவாளால் குத்தினான். பெருகிய இரத்தம் நெருப்பை அணைத்தது.

இந்தப் பகுதியை எப்படிப் படிப்பது? அந்த நேரத்தில் புறா ஒன்று உடலிலிருந்து வெளிப்பட்டது என்று கையெழுத்துப் பிரதிகளில் இருக்கிறது. ஆனால் நான்காம் நூற்றாண்டில் இதே கடிதத்தின் பெரும்பகுதியைத் தம் திருச்சபை வரலாற்றில் எடுத்தெழுதிய யூசேபியஸிடம் அந்தப் புறா இல்லை. எனவே அது பின்னர் சேர்ந்ததாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். இயேசுவின் பாடுகளோடு பொருந்தும் விவரங்களையும் எழுதியவர்கள் தேடித்தேடி எடுத்துக் காட்டுகிறார்கள்: காட்டிக்கொடுத்தவன் வீட்டு ஆள், அதிகாரியின் பெயர் ஏரோது, பயணம் கழுதையில். தங்கள் ஆயரின் சாவு "நற்செய்திக்கு ஏற்ற" சாவு என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அதாவது, நடந்ததை நேசத்தோடு பொருள்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அப்பமும் பொன்னும் நறுமணமும் காணிக்கைக்கும் வழிபாட்டுக்கும் உரிய படிமங்கள். அவருடைய சாவு ஒரு காணிக்கை என்று அவர்கள் கண்டார்கள்.

இதே கடிதத்தில் வருத்தம் தரும் ஒரு கூறும் உண்டு. விறகு சேர்த்ததிலும் உடலைத் தர மறுத்ததிலும் சிமிர்னாவின் யூதர்கள்மீது கடிதம் மீண்டும் மீண்டும் பழி சுமத்துகிறது. இரண்டு சமூகங்களும் ஒரே நகரத்தில் பிரிந்துகொண்டிருந்த காலத்தின் கசப்பு அது. பிற்காலத்தில் இத்தகைய வரிகள் யூதர்களுக்கு எதிரான வெறுப்புக்கு எரிபொருளானதை நினைத்தால், இப்பகுதியை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளாமல் படிப்பதே நேர்மை.

இனி வருவதுதான் நம் கேள்விக்கான நேரடி விடை. கிறிஸ்தவர்கள் உடலைக் கேட்டார்கள். கொடுத்தால் சிலுவையில் அறையப்பட்டவரை விட்டுவிட்டு இவரை வணங்கத் தொடங்கிவிடுவார்கள் என்று ஆளுநரிடம் சொல்லப்பட்டது. சிமிர்னா சபை அதற்குச் சொன்ன பதில் மிகத் தெளிவானது: கிறிஸ்துவை இறைமகன் என்று ஆராதிக்கிறோம், மறைச்சாட்சிகளை ஆண்டவரின் சீடர்களாகவும் அவரைப் பின்பற்றியவர்களாகவும் அன்பு செய்கிறோம். ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்று இன்றும் கத்தோலிக்கரும் கிழக்குச் சபையினரும் சொல்லும் வேறுபாடு இங்கேயே முளைவிட்டிருக்கிறது. அதற்கென்று தனித்தனிக் கலைச்சொற்களை 787இல் கூடிய ஆயர்களின் பேரவையான இரண்டாம் நிசேயா சங்கம் வகுத்தது. அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு சாதாரண சபை அதை நடைமுறையில் உணர்ந்திருந்தது.

நூற்றுவர் தலைவன் உடலை எரித்துவிட்டான். விலையுயர்ந்த மணிகளைவிட மதிப்புள்ளவையும் பொன்னைவிடச் சிறந்தவையுமான எலும்புகளைப் பிறகு எடுத்துத் தகுந்த இடத்தில் வைத்தோம் என்று எழுதுகிறார்கள். முடிந்தபோது அங்கே கூடி, அவருடைய சாட்சியத்தின் 'பிறந்தநாளை' மகிழ்ச்சியோடு கொண்டாடுவோம் என்கிறார்கள். எதற்காக? ஏற்கெனவே போராடி முடித்தவர்களின் நினைவுக்காக; இனிப் போராட வேண்டியவர்களின் பயிற்சிக்காக.

இந்தச் சில வரிகள் எவ்வளவு துணிச்சலானவை என்பதை அந்தக் காலத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ரோம உலகில் பிணங்களுக்கு இடம் நகரத்துக்கு வெளியே. யூத மரபில் பிணத்தைத் தொட்டால் தீட்டு. கல்லறைக்குச் சென்று இறந்தவரின் நாளில் உணவு படைத்து உண்பது குடும்பத்தின் கடமை. பிறர்க்கு அதில் இடமில்லை. சிமிர்னா மக்கள் அரசு குற்றவாளியாகக் கருதி எரித்த ஒருவரின் எலும்புகளைத் தொட்டு எடுத்தார்கள். இரத்த உறவு இல்லாத ஒரு சபையே அவருக்குக் குடும்பமானது. சாவு நாளைப் பிறப்பு நாளாக எண்ணினார்கள். பிறகு உலகெங்கும் பரவிய புனிதர் வணக்கத்தின் அடிப்படைகள் எல்லாமே இங்கே இருக்கின்றன: உடல், இடம், நாள், கூடும் மக்கள்.

இங்கே இல்லாதது எது என்பதையும் கவனிக்க வேண்டும். பொலிகார்ப்பிடம் யாரும் வரம் கேட்கவில்லை. எலும்பு நோயைத் தீர்த்ததாகச் செய்தி இல்லை. மறைச்சாட்சிகளிடம் பரிந்துரை வேண்டும் வழக்கம் மூன்றாம் நூற்றாண்டில் நன்றாகத் தெரியத் தொடங்குகிறது. ரோமில் ஆப்பியா நெடுஞ்சாலை ஓரத்துப் புனித செபஸ்தியார் கல்லறைத் தொகுதியில், பவுலும் பேதுருவும் தங்களுக்காக மன்றாட வேண்டும் என்று யாத்திரிகர்கள் சுவரில் கீறிய எழுத்துகள் கிடைத்திருக்கின்றன. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிறகு கல்லறைகள்மீது பெரிய ஆலயங்கள் எழுந்தன. 386இல் மிலான் ஆயர் அம்புரோசியார், கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ் என்ற மறைச்சாட்சிகளின் எலும்புகளைக் கண்டெடுத்துத் தம் ஆலயப் பலிபீடத்தின் அடியில் வைத்தார். பலிபீடத்தில் புனிதரின் எலும்பை வைக்கும் வழக்கம் மேற்கில் வேரூன்றியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

வழக்கம் வளர்ந்தபோது எதிர்ப்பும் வந்தது. விஜிலான்சியுஸ் என்ற குரு, துணியில் பொதிந்த சாம்பலை ஏன் முத்தமிடுகிறீர்கள் என்று கேட்டார். விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த அறிஞர் எரோனிமுஸ் 406இல் அவருக்குக் கடுமையாகப் பதில் எழுதினார். வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தினார் நிதானமாக விளக்கினார்: மறைச்சாட்சியின் கல்லறையில் பலி ஒப்புக்கொடுத்தாலும், அது கடவுளுக்குத்தான் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதிகள் புனிதர்களிடம் வேண்டுவதை மறுத்தார்கள். அவர்களின் முன்மாதிரியை நினைவுகூர்வதை அவர்களில் பலர் மறுக்கவில்லை. இந்தக் கருத்து வேறுபாட்டில் எந்தப் பக்கம் நிற்பவரும் சிமிர்னாக் கடிதத்தைத் தம்முடையதாகப் படிக்க முடிகிறது என்பது அதன் தனிச்சிறப்பு.

சிமிர்னா மக்கள் சொன்னபடி செய்தார்களா? ஆம், அதற்கும் சான்று இருக்கிறது. 250இல் பேரரசர் தேசியுஸ் காலத்தில், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணை வந்தது. சிமிர்னாவில் பியோனியுஸ் என்ற மூப்பரும் அவரோடு இருந்தவர்களும் பொலிகார்ப்பின் நினைவு நாளன்று கைது செய்யப்பட்டார்கள். கைதாகப் போவதை முன்பே உணர்ந்த பியோனியுஸ், பலியிடச் சம்மதித்துப் போகிறார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத் தம் கழுத்திலும் தோழர்களின் கழுத்திலும் சங்கிலியை முன்கூட்டியே மாட்டியிருந்தார். அவரும் பின்னர் எரிக்கப்பட்டார். 'இனிப் போராட வேண்டியவர்களின் பயிற்சிக்காக' என்று முன்னோர் எழுதியதன் பொருள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அதே ஊரில் இப்படி விளங்கியது.

பொலிகார்ப் இறந்த ஆண்டு 155 அல்லது 156 என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். யூசேபியஸ் அதை மார்க்குஸ் அவுரேலியுஸ் ஆட்சிக் காலத்தில் வைப்பதால் இன்னும் சில ஆண்டுகள் பிந்தியது என்பவர்களும் உண்டு. நாளைப் பற்றிக் குழப்பம் குறைவு, ஏனென்றால் கடிதத்தோடு சேர்ந்த குறிப்பு அதைச் சொல்கிறது: நம் கணக்கில் பிப்ரவரி 23. ரோமன் கத்தோலிக்க நாள்காட்டியில் நெடுங்காலம் ஜனவரி 26இல் இருந்த விழா, 1969இல் வந்த திருத்தத்தில் இந்த நாளுக்கு மாற்றப்பட்டது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் முன்பிருந்தே இதே நாளைக் கடைப்பிடிக்கின்றன. ஆங்கிலிக்கன், லூத்தரன் நாள்காட்டிகளிலும் இதே நாளில் அவர் பெயர் இருக்கிறது. தமிழகத்துக் கத்தோலிக்க ஆலயங்களில் அன்று திருப்பலியில் கலந்துகொள்பவர்கள் குருவின் சிவப்பு உடையைக் கண்டு, இது மறைச்சாட்சியின் நாள் என்று அறியலாம்.

இஸ்மீரில் அவர் பெயரால் பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்க ஆலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. உள்ளே சுவரெங்கும் அவர் வாழ்க்கையின் ஓவியங்கள். அவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புதுப்பித்தவர், இஸ்மீரின் புகழ்பெற்ற மணிக்கூண்டை வடிவமைத்த ரேமோன் பெரே. எரிக்கப்படும் காட்சியில், கைகள் கட்டப்பட்ட ஒருவராகத் தம் முகத்தையே அவர் வரைந்துகொண்டார் என்று சொல்வார்கள்.